மூச்சைப் பிடிங்க! – அத்தியாயம் 11: வீட்டின் ஒளி

மூச்சு சார் அன்று காலை மூன்று முறை சட்டை மாற்றினார். கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப் பட்டனைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். மேடைக்குக் கூப்பிட்டால் மைக்கை எந்தக் கையால் வாங்குவது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தார். மாப்பிள்ளை மாதிரி புறப்படுகிறவர், போகிற இடம் கல்யாண வீடா பஞ்சாயத்தா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் சட்டையில்லாமல் நடுங்குகிறவர்களிடம் நாள் முழுக்க ஒரே மந்திரம்தான். "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... விடலாம்." நர்ஸுகள் வைத்த பெயர் மூச்சு சார். அந்தப் பெயர் பஸ் பிடித்து வீடு வரைக்கும் வந்துவிட்டது.

மனைவிக்குக் குறை கேட்கும் உத்தியோகம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் தொலைபேசியில் கொட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேங்க" என்று சொல்ல வேண்டும். இதை வருடக்கணக்கில் குரல் உயராமல் சொன்னதற்காகக் கம்பெனி அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறது. வேறு ஊரில் திறக்கப்போகும் கிளைக்கு அவள்தான் தலைமை. ரயிலில் ஓர் இரவுத் தூரம். திங்கட்கிழமைக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவள் கேட்டதும், "பார்க்கலாம்" என்று இவர் சொன்னதும், அப்புறம் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டதும்தான் போன வாரம் வரைக்குமான கதை.

மதில் மேல் பூனைகூட என்றாவது ஒருநாள் ஏதாவது ஒரு பக்கம் குதித்துத் தொலைக்கும். மூச்சு சாருடைய 'பார்க்கலாம்' குதிக்கவே குதிக்காது.

போகாதே என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. போய் வா என்று சொல்ல மனசு இல்லை. எனவே கேமராவை எடுத்தார். அமெச்சூர் புகைப்படக் கழகம் போட்டி அறிவித்திருந்தது. மனைவியை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். தலைப்பு: 'வீட்டின் ஒளி'.

திட்டம் ரொம்பச் சுலபம். படம் பரிசு வாங்கும். கைதட்டல் நடுவே அவளுக்கு எல்லாம் புரியும். ஒளியைப் பெட்டி கட்டி வேறு ஊருக்கு அனுப்பும் வீடு உண்டா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்வாள். திங்கட்கிழமை, தானாகவே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவாள். இவர் வாய் நோகாமல் காரியம் முடியும்.

திட்டம் போடும்போது எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான்.

"இன்னைக்குப் பரிசெல்லாம் கிடையாதுப்பா," என்றாள் மகள், செருப்பை மாட்டிக்கொண்டே. கல்லூரிக்காரி. போட்டிக்குப் படத்தை அனுப்பிக்கொடுத்தவள் அவள்தான். "இன்னைக்கு நடுவர்கள் ஒவ்வொரு படத்தையும் பத்திக் கருத்து சொல்லுவாங்க. பரிசு அடுத்த வாரம்."

"கருத்துன்னா பாராட்டுதானே?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கதவைப் பூட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

*

நூலகத்து மாடியில் கூட்ட அறை. மடக்கு நாற்காலிகள். நடுவில் மடிப்பு விழுந்த வெள்ளைத் திரை. அதில் விழுகிற முகங்கள் எல்லாவற்றுக்கும் மூக்கு ஓரமாக ஒரு கோடு. ஜன்னல்களைக் கனத்த துணியால் மூடியிருந்தார்கள்.

செயலாளர் எழுந்து கணீரென்று ஆரம்பித்தார். "படங்கள் பெயர் இல்லாமத்தான் வரும். யாரு எடுத்ததுன்னு நடுவர்களுக்கே தெரியாது. விமர்சனம் படத்துக்குத்தான், எடுத்தவருக்கு இல்லை. யாரும் மனசுல வெச்சுக்கக் கூடாது. சரியா?"

"ரொம்ப சரி!" என்று மூச்சு சார் பக்கத்து நாற்காலிக்காரரிடம் உரக்கவே சொன்னார். "விமர்சனத்தைத் தாங்கத் தெரியாதவன் கலைஞனே இல்லை."

சூடு கண்ட பூனைதான் பாலைப் பார்த்துப் பயப்படும். இவர் இன்னும் சூடு காணாத பூனை.

இரண்டு நடுவர்கள். ஒருவர் நரைத்த தாடிக்காரர், அதிகம் பேசமாட்டார். இன்னொருவர், வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. மூச்சு சாருக்கு மச்சான். கல்யாணப் படம் எடுப்பது தொழில். மேடையில் அவனைப் பார்த்ததும் மூச்சு சாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. படத்தில் பெயர் இல்லாவிட்டால் என்ன? அக்காவின் முகமே இருக்கிறதே. தானாடாவிட்டாலும் சதையாடாதா?

முதலில் ஒரு கொக்கு வந்தது. "கொக்கு விழிப்பா இருக்கு," என்றான் மச்சான். "எடுத்தவர்தான் கொஞ்சம் தூங்கிட்டார்." அறை சிரித்தது. அடுத்து ஓர் அஸ்தமனம். "இதுல எல்லா வேலையும் சூரியனே பார்த்திருக்கு. மார்க்கை அதுக்கே குடுத்துடலாம்." அறை மறுபடி சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மூச்சு சார். தொடையில் தட்டிக்கூடச் சிரித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் சிரிக்கவில்லை. அஸ்தமனம் அவருடையது.

அடுத்து, திரையில் மனைவி வந்தாள்.

ஜன்னல். நாற்காலி. தோளில் சாம்பல் நிறச் சால்வை. ஒரு பக்கத்து முகத்தில் வெளிச்சம். மூச்சு சார் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் திரையைப் பார்க்காமல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாடிக்காரர் மைக்கைத் தள்ளினார். "நீங்க சொல்லுங்க."

மச்சான் மைக்கை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

"தலைப்பு 'வீட்டின் ஒளி'," என்றான். "ஒளி இருக்கு. ஆனா அது ஜன்னல்லருந்து வருது. இந்தம்மாகிட்டருந்து வரலை."

யாரோ 'களுக்' என்றார்கள்.

"தோளைப் பாருங்க. காது வரைக்கும் தூக்கி நிக்குது. கழுத்து நரம்பைப் பாருங்க. வாய் இறுகி இருக்கு. இவங்க உட்கார்ந்திருக்கல, உட்கார வெச்சிருக்காங்க. மூச்சு விட்டா யாராவது திட்டுவாங்களோங்கற மாதிரி இருக்காங்க. எடுத்தவர் ஜன்னலைப் பார்த்திருக்கார், வெளிச்சத்தைப் பார்த்திருக்கார், சால்வையோட மடிப்பைக்கூடப் பார்த்திருக்கார். ஆளைப் பார்க்கலை." திரையை நோக்கி விரலை நீட்டினான். "எக்ஸ்ரே மாதிரி இருக்கு. உள்ள என்ன உடைஞ்சிருக்குன்னு மட்டும் தெரியுது."

இப்போது அறை முழுக்கச் சிரித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மகள் அவர் காதோரம் குனிந்தாள். "அப்பா, விமர்சனம் படத்துக்குத்தான், உனக்கு இல்ல."

"படத்துல இருக்கறது உங்கம்மாடி," என்று பல்லைக் கடித்தார் அவர். "அது யாருக்கு?"

*

அடி வாங்கிய மனிதன் முதலில் வலியைத் தேடுவதில்லை, காரணத்தைத் தேடுகிறான். இடைவேளைக்கு மணி அடிப்பதற்குள் மூச்சு சார் நிறையக் காரணங்கள் சேகரித்துவிட்டார். திரையில் மடிப்பு. புரொஜெக்டரில் தூசி. தாடிக்காரருக்கு வயதாகிவிட்டது. மச்சானுக்குப் பொறாமை. கல்யாணத்தில் பல் தெரியச் சிரிக்கிறவர்களையே எடுத்துப் பழகியவனுக்கு ஒரு கனமான முகத்தின் அருமை என்ன தெரியும்?

தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மச்சானைப் பிடித்தார்.

"ஏன்டா, என் படம்னு தெரிஞ்சுதானே பேசின?"

"தெரிஞ்சுதான் மாமா." மச்சான் காகிதக் கோப்பையைச் சுழற்றினான். "அக்காவை எனக்குத் தெரியாதா? நம்ம வீட்டு ஜன்னலைத் தெரியாதா?"

"தெரிஞ்சா 'இது எங்க வீட்டுப் படம், நான் பேசல'ன்னு ஒதுங்கியிருக்கணும். இல்லேன்னா நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்கணும். சபையில வெச்சு மானத்தை வாங்கறதுக்கா உன்னை நடுவராக்கினாங்க?"

"நல்லதாச் சொன்னா, மாமனுக்கு ஜால்ரான்னு பேசுவாங்க."

"அப்ப சொந்தம்னு தெரியக் கூடாதுன்னு திட்டின?"

"முதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சேன் மாமா. பொய் சொல்ல மாட்டேன்." மச்சானின் குரல் தணிந்தது. "ஆனா பாதியில, படத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சுட்டேன். அக்கா கோபமா இருந்தா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். அழுகையை அடக்கினா எப்படி இருப்பான்னும் தெரியும். இது ரெண்டும் இல்ல. நான் இந்த முகத்தைப் பார்த்ததே இல்ல மாமா. நீங்க பார்த்தீங்களா?"

மூச்சு சார் ஒரு கோப்பையை எடுத்து அவசரமாக வாயில் கவிழ்த்தார். பாதித் தேநீர் சட்டையில் சிந்தியது. மூன்றாவதாகப் போட்ட சட்டை.

சட்டையைத் துடைத்துக்கொண்டே திரும்பும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. தட்டியது என்றால் சாதாரணமாக இல்லை, கிட்டத்தட்ட ஓடினார்.

மனைவி மாடிப் படிக்கட்டின் ஜன்னலருகே நின்றிருந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்றார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "கோளாறு உன் முகத்துல இல்ல. என் வாயில!"

"என்ன?"

"பழக்கதோஷம்! அன்னைக்கு உன்னை உட்கார வெச்சுட்டு, மூச்சை நல்லா இழு, பிடி, அசையாதேன்னு சொன்னேனா? ஆஸ்பத்திரியில சொல்ற மாதிரியே. நீயும் இழுத்துப் பிடிச்சுட்ட. அதான் தோள் ஏறிடுச்சு, கழுத்து நரம்பு தெரிஞ்சுது, வாய் இறுகிடுச்சு. அவ்வளவுதான்! வேற ஒண்ணுமே இல்ல. உன் தம்பி என்னமோ பெரிய மனசாட்சி மாதிரி உடைஞ்சிருக்கு, கிடைஞ்சிருக்குன்னு..."

அவர் சிரித்தார். சிரிப்பில் துணை சேரச் சொல்லி அவளைப் பார்த்தார்.

"ஆமா," என்றாள் அவள். "பிடின்னு சொன்னீங்க."

"அதேதான்!"

"விடலாம்னு சொல்லலை."

மூச்சு சார் சிரிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டு நின்றார். "சொல்லியிருப்பேனே. எப்பவும் சொல்லுவேனே. ஆயிரம் பேருக்குச் சொல்றவன்..."

"அவங்களுக்குச் சொல்லுவீங்க. எனக்குச் சொல்லலை. படம் எப்படி வந்திருக்குன்னு பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. நான் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். இப்ப சொல்லுவார், இப்ப சொல்லுவார்னு."

"ஏன், நீயே விட்டிருக்கலாமே?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் பார்க்கும் பார்வை இல்லை. காதில் கருவி மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத யாரோ ஒருவரின் நீண்ட புலம்பலைக் கேட்டு முடித்த பார்வை.

"உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேங்க," என்றாள். உள்ளே நடந்தாள்.

*

இடைவேளைக்குப் பிறகு வந்த படங்கள் எதுவும் மூச்சு சாரின் கண்ணில் ஏறவில்லை. படகு வந்தது, பாலம் வந்தது, யாருடைய நாயோ வந்தது. நாயைக்கூடப் பாராட்டினார்கள்.

"கடைசிப் படம்," என்றார் செயலாளர். "இது போன்ல எடுத்தது. தலைப்பு..." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "'விடலாம்'. அப்படித்தான் போட்டிருக்கு."

திரையில் ஒரு மனிதனின் முதுகு வந்தது.

ஜன்னலோரம் ஒரு முதுகு. உச்சியில் ரூபாய் அளவுக்கு வழுக்கை. கையில் இருந்த எதன் மேலோ முழுசாகக் குனிந்து, உலகத்தையே மறந்து நிற்கிற முதுகு. கேமராத் திரையின் நீல வெளிச்சம் ஒரு காது மடலில் மட்டும் விழுந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அதில் யாரும் இல்லை. சாம்பல் நிறச் சால்வை மட்டும், தோள் இருந்த இடத்திலேயே, அந்தத் தோளின் வடிவம் இன்னும் கலையாமல் கிடந்தது.

அறையில் முதலில் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்தது. அந்தக் குனிந்த முதுகு அவ்வளவு மும்முரமாக இருந்தது. பிறகு எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

மச்சான் மைக்கைத் தொடவில்லை. தாடிக்காரர்தான், அன்று முதல்முறையாக, தானே எடுத்துக்கொண்டார்.

"நான் இன்னைக்கு அதிகம் பேசலை," என்றார். "இதுக்கும் அதிகம் பேசப்போறதில்ல. இந்த ஆளைப் பார்த்துச் சிரிச்சேன். அப்புறம் என் வீட்டை நினைச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்."

மைக்கை வைத்துவிட்டார்.

கைதட்டல் மெதுவாக ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் மூச்சு சாரின் முழங்கையை இடித்தார். "யாரோ பாவம், இல்ல? பெண்டாட்டி எழுந்து போனதுகூடத் தெரியாம நிக்கிறான்."

"ஆமாம்," என்றார் மூச்சு சார். "பாவம்."

மேடைக்குப் போனால் எந்தக் கையால் மைக்கை வாங்குவது என்று காலையில் யோசித்தவர், இப்போது இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த முதுகு அவருக்குப் புதிது. சொந்த முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? ஆனால் அந்தச் சட்டையைத் தெரியும். அந்தச் சால்வையைத் தெரியும். அன்று மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் படத்தில் நிற்கிறார்.

நாற்காலியிலிருந்து எழுந்தவள் வேறெங்கும் போகவில்லை. அவருக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கூரை விசிறிக்கு எத்தனை இறக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு படம் அனுப்பினியா?" என்று உதட்டசைவில் கேட்டார்.

"அம்மா யாருக்கும் சொல்லாதேன்னாங்க," என்றாள் மகள், அதே உதட்டசைவில்.

*

பஸ் நிறுத்தத்தில் மகள் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். புத்திசாலிப் பெண். அப்பன் புத்தி ஒட்டவில்லை.

மூச்சு சார் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். சொல்வதற்கு நெஞ்சு நிறைய வைத்திருந்தார். சபையில் சிரிக்கவைத்துவிட்டாயே என்று கேட்கலாம். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது என்று சொல்லலாம். என்னை மன்னித்துவிடு என்றுகூட ஒரு வாசகம் எங்கோ அடியில் கிடந்தது. மனிதனுக்கு வாய் என்று ஒன்றைக் கொடுத்ததே இந்த மாதிரி நேரத்தில் காலை வாருவதற்குத்தான்.

"ஜன்னல் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு," என்றார்.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் அது காற்றில் போய்விட்டது.

அவள் கோபப்படவில்லை. "தெரியும்," என்றாள். "கை நடுங்குச்சு."

ஒரு லாரி போனது. புழுதி அடங்கும் வரைக்கும் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தத் தலைப்பு..." மூச்சு சார் தொண்டையைச் செருமினார். "விடலாம்னா, மூச்சையா?"

அவள் கைப்பையில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடினாள்.

"இல்ல, இந்த வீட்டையா?" குரல் கீழே இறங்கியது. "என்னையா?"

"அது உங்க வார்த்தைங்க," என்றாள் அவள். "எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ஞ்ச வார்த்தை. எனக்கு மட்டும் வந்து சேரலை. அதான் எடுத்துத் தலைப்பா வெச்சேன்."

தூரத்தில் பஸ் திரும்பியது.

"போறதுக்கு உங்க அனுமதியைக் கேட்கலை. போகணும்னு முடிவு பண்ணா போயிடுவேன், அது எனக்குத் தெரியும். ஆனா உங்க 'பார்க்கலாமை' மடியில கட்டிக்கிட்டு என்னால ரயில் ஏறவும் முடியாது, இங்க இருக்கவும் முடியாது. திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. போன்னு சொல்லுங்க, போகாதேன்னு சொல்லுங்க. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. கேமரா வேண்டாம்."

பஸ் வந்து நின்றது. மகள் ஏறினாள். மனைவி ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிற்பகல் வெயில் பஸ் வாசல் வழியாக அவள் முகத்தில் ஒரு பக்கமாக விழுந்தது. ஜன்னல் வெளிச்சம் இல்லை, சால்வை இல்லை, திரைமடிப்பும் இல்லை. மச்சான் பார்த்ததே இல்லை என்று சொன்ன முகம் அதுதான். மூச்சு சாரும் இப்போதுதான் பார்க்கிறார்.

தோளில் கேமராப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கை அதை நோக்கிப் போகவில்லை. அன்று அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதைப் பாராட்ட நடுவர் யாரும் இல்லை.

"ஏறுங்க சார், ஏறுங்க! கீழ நின்னு என்ன பார்க்கறீங்க?" கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

ஏறினார். அவளுக்கு எதிரே கம்பியைப் பிடித்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்த்த நிமிடத்திலிருந்து அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தன.

விடலாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் போல இருந்தது.